'ஈரம் இன்னும் சேரல பாப்பா!' - கரிசல் காட்டில் நான் தோற்ற கதை

கரிசல் என்றதும் நிறைய பேருக்கு கி.ரா. ஞாபகத்துக்கு வருவார். எனக்கு முதலில் ஞாபகம் வருவது செருப்பு. மழை பெய்த மறுநாள் எங்கள் காட்டுக்குள் பத்து எட்டு வைத்தால் போதும். செருப்புக்கு அடியில் மண் அப்பி, அதன் மேல் இன்னும் அப்பி, ஹை ஹீல்ஸ் போட்டதுபோல உயர்ந்து நிற்போம். இருபதாவது எட்டில் செருப்பு மண்ணிலேயே நின்றுவிடும். கால் மட்டும் கூட வரும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாங்கள்.

அதே மண் சித்திரை மாதத்தில் வேறு முகம் காட்டும். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆறு வயதில் என் கொலுசு ஒன்று அந்த வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. அப்பா ஒரு கம்பை விட்டுத் துழாவினார். கம்பு முழங்கை ஆழத்தையும் தாண்டி இறங்கியது, கொலுசு கிடைக்கவில்லை. "விடு பாப்பா, மண்ணு தின்னுருச்சு" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகையை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். கிணறு இல்லை, போர் இல்லை. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் 'காடு' என்றுதான் சொல்வோம். வானம் கொடுப்பதை மண் வாங்கி வைத்துக்கொள்ளும். அதை வைத்துப் பயிர் நாலு மாதத்தை ஓட்டும். இதுதான் எங்கள் குடும்பத்தின் வரவு செலவு. அதில் உட்கார்ந்துதான் நான் ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து, சென்னைக்கு வந்து, டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மழைக்காலத்தில் டெஸ்க் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'எந்தெந்த மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட்?', 'எங்கே எத்தனை செ.மீ?' என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து செய்தி போடுவோம். மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஊரில் அப்பா 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று கணக்குச் சொல்லும்போது, "அப்பா, மில்லிமீட்டர்ல சொல்லுங்க" என்று நான் திருத்துவேன். உழவு மழை என்பது, மண் ஏர் ஓட்டுகிற அளவுக்கு நனைந்ததா என்ற கணக்கு. வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்று நான் பார்த்தேன். மண்ணுக்குள் எவ்வளவு போனது என்று அவர் பார்த்தார். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2023 ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, ஆன்லைனில் வாங்கிய ஒரு மீட்டரை அப்பாவுக்குப் பரிசாகக் கொண்டுபோனேன். விரல் நீளத்துக்கு இரண்டு கம்பிகள். மண்ணில் குத்தினால் ஈரம் எத்தனை சதவிகிதம் என்று திரையில் எண் வரும். போகிற வழியில் ஆலங்குளம் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டில் இறங்கி, அங்கே அவர்கள் செம்மண் தோட்டத்தில் குத்திப் பார்த்தேன். 14 என்று காட்டியது. செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன.

எங்கள் ஊரில் மூன்று நாளுக்கு முன்பு ஒரு மழை பெய்திருந்தது. என் மொபைல் ஆப் கணக்குப்படி 38 மி.மீ. காட்டுக்குப் போய்க் குத்தினேன். 24. இன்னொரு இடத்தில் 25. நெட்டில் தேடினால், விதைப்புக்கு 20 முதல் 25 சதவிகித ஈரம் போதும் என்று ஒரு பக்கம் சொன்னது. எந்த மண்ணுக்கு என்று அதில் இருந்ததா, நான்தான் பார்க்கவில்லையா, இப்போது ஞாபகமில்லை.

அப்பா மீட்டரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடப்பாரையை எடுத்து ஓர் இடத்தில் குத்திப் பெயர்த்தார். மண்டி போட்டு உட்கார்ந்து, குழிக்குள் கையை விட்டுத் தடவினார்.

"ஈரம் இன்னும் சேரல பாப்பா. மேல ஒரு சாண் கூட நனையல. கீழ காஞ்சு கெடக்கு. இன்னொரு மழை விழட்டும்."

"அத்தை தோட்டத்துல 14-தான் இருக்கு, பயிர் நல்லாத்தான நிக்குது? நம்மகிட்ட 24 இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது செம்மண்ணு."

"தண்ணி தண்ணிதானப்பா!"

இந்த ஒரு வரியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசும். அன்றைக்குப் பார்த்து, விதைக்கிற டிராக்டர்காரரும், "நாளைக்கு விட்டா நாலு நாள் கழிச்சுத்தான் வருவேன்" என்றார். அம்மா, "படிச்ச புள்ள சொல்லுதுல்லா, போட்டுருவோமே" என்றாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் நாலு ஏக்கரிலும் மக்காச்சோளம் விதைத்தோம். மீட்டரைப் பிடித்தபடி நான் எடுத்த செல்ஃபிக்கு ஆபீஸ் குரூப்பில் நிறைய ஹார்ட் வந்தது.

சென்னை திரும்பி ஆறாம் நாள், முளைத்துவிட்டது என்று அம்மா போட்டோ அனுப்பினாள். பாதிக்குப் பாதி இடைவெளி இருந்தாலும், வரிசை தெரிந்தது. பதினோராம் நாள் போனில் அப்பாவின் குரல் தணிந்திருந்தது. "சுருண்டு போச்சு பாப்பா" என்றார். அவ்வளவுதான். அடுத்த மழை அதற்குப் பிறகு நாலைந்து நாள் கழித்து வந்தது. காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

விதை, டிராக்டர் வாடகை, அடியுரம் என்று எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் போனது. என் சம்பளத்திலிருந்து பணம் அனுப்பினேன். அப்பா வேண்டாம் என்றார். அம்மா வாங்கிக்கொண்டாள். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், "மழை ஏமாத்திருச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். என் பெயரை அவர் எடுக்கவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அந்தக் குறுகுறுப்புதான் என்னை மண்ணைப் பற்றிப் படிக்கவைத்தது. வேறொரு கட்டுரைக்காகப் பேசப் பழகியிருந்த ஒரு மண்ணியல் பேராசிரியருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க பர்ஸ்ல ஆயிரம் ரூபா இருக்கு. ஆனா, பர்ஸ் வாயை இறுக்கித் தைச்சிருக்கு. டீ குடிக்க முடியுமா?"

மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவைச் செடிக்குக் கொடுக்க மண் சம்மதிக்கிறது என்பது வேறு கேள்வி. நான் முதல் கேள்விக்கு மட்டும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விதைத்தவள்.

மண் எப்படித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது?

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். பிரிப்பது கஷ்டம். இடைவெளி சின்னதாக ஆக ஆக, தண்ணீரின் பிடி இறுகும். மண்ணிலும் இதேதான். மணல் துகள்கள் பெரிசு, அவற்றுக்கு இடையில் இருக்கும் சந்துகளும் பெரிசு. தண்ணீர் சடசடவென்று இறங்கிவிடும். மிச்சமிருப்பதைச் செடி எளிதாக எடுத்துக்கொள்ளும். களித்துகள் ஒன்றின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. சந்துகளும் அதற்கேற்றபடி நுணுக்கம். தண்ணீர் அங்கே மாட்டினால் சுலபத்தில் வெளியே வராது.

கரிசலில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கரிசலை வீங்கவும் வெடிக்கவும் வைக்கிற களியின் ஒரு முக்கிய வகைக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். புத்தகத்தின் தாள்கள்போல அடுக்கடுக்கான தகடுகள். தாளுக்குத் தாள் நடுவிலும் தண்ணீர் நுழையும். நுழைந்தால் புத்தகம் ஊதும். காய்ந்தால் சுருங்கும். செருப்பில் அப்புவதும் கொலுசைத் தின்பதும் இந்த ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள்தான். இந்தக் களி சுத்தமாக ஒரே ஒரு கிராம் எடுத்து, அதன் எல்லாத் தகடுகளையும் பிரித்துப் பரப்ப முடிந்தால், 700 சதுர மீட்டர் அளவுக்கு வரும். எட்டு பேட்மின்டன் கோர்ட்! செம்மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைட் களிக்கு இந்தக் கணக்கு 10, 20 சதுர மீட்டர்தான். தண்ணீர் ஒட்டிக்கொள்ள கரிசலில் இருக்கும் இடம் அவ்வளவு. ஒட்டிக்கொண்டதை உரித்து எடுக்க வேர் படவேண்டிய பாடும் அவ்வளவு.

வேர் எவ்வளவு இழுக்கும்? ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து, உபரித் தண்ணீர் வடிந்த பிறகு ஈர மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க, பார் என்கிற அளவில் மூன்றில் ஒரு பங்கு இழுவை இருந்தால் போதும். இந்த நிலையை வயல் கொள்ளளவு என்கிறார்கள். மண் காயக் காய, இழுவை ஏறிக்கொண்டே போகவேண்டும். 15 பாரைத் தொடும்போது பெரும்பாலான பயிர்கள் கையை விரித்துவிடும். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். அதுபோல ஏழு மடங்கு! அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றாவிட்டால், சாயங்காலம் வெயில் தாழ்ந்தாலும் இலை நிமிராது. இதுதான் நிரந்தர வாடல் நிலை.

1912-ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் இதை விலாவாரியாகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். பலவகைச் செடிகளைப் பலவகை மண்ணில் தொட்டியில் வளர்த்து, மண்ணின் மேற்பரப்பை மெழுகால் மூடி, செடி எப்போது வாடுகிறது என்று காத்திருந்தார்கள். செடிக்குச் செடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மண்ணுக்கு மண்தான் வாடுகிற புள்ளி எங்கேயோ ஏறி, எங்கேயோ இறங்கியது. "அது செம்மண்ணு" என்று அப்பா ஒரே வார்த்தையில் சொன்னார். அவர்களுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

மணல் கலந்த செம்மண் 8 சதவிகித ஈரத்துக்குப் பக்கத்தில்தான் செடியைக் கைவிடும். அத்தை தோட்டத்தில் 14 என்றால், இன்னும் கையில் காசு இருக்கிறது என்று அர்த்தம். கனமான கரிசலில் அந்தக் கைவிடும் புள்ளியே 25 சதவிகிதத்தின் பக்கத்தில் இருக்கும். நான் 24-ஐப் பார்த்துக் குதித்தேன். பயிரைப் பொறுத்தவரை அது சைபர்.

இதில் ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால், அது 4,047 லிட்டர். ஒரு மீட்டர் ஆழம் உள்ள கனமான கரிசலில் 25 சதவிகிதம் ஈரம் என்றால், 250 மி.மீ. தண்ணீர். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் லிட்டர்! ஆழம் வரை அந்த அளவில் நிற்கிற ஒரு காட்டில், 10 லட்சம் லிட்டருக்கு மேலே நின்றுகொண்டு ஒரு பயிர் தாகத்தில் சாகும்.

இதை வைத்து கரிசலைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 25-க்கு மேலே 40 வரை அது வாங்கி வைக்கிற தண்ணீர் முழுக்கப் பயிருக்குத்தான். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 150 மி.மீ. வரும். ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் 50 லோடு. கிணறே இல்லாத எங்கள் காட்டுக்கு இந்த 50 லாரித் தண்ணீர்தான் கிணறு. ஆனால், முதல் பங்கை மண் தனக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த பங்கு பயிருக்கு. காய்ந்து கிடந்த கரிசலில் 38 மி.மீ. மழை அரை அடி ஆழத்தைத்தான் நனைத்திருக்கும். அதே மழை அத்தை தோட்டத்துச் செம்மண்ணில் ஒரு அடி பக்கத்தில் இறங்கியிருக்கும்.

'ஈரம் சேர்வது' என்று அப்பா சொன்னதற்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. கோடையில் வெடித்த மண்ணில் முதல் மழை விழும்போது, ஒரு பங்கு மேல் மண்ணை நனைக்கும், இன்னொரு பங்கு வெடிப்பு வழியாக நேராக ஆழத்துக்குப் போய் அடிமண்ணை நனைக்கும். நடுவில் ஓர் அடுக்கு காய்ந்தே இருக்கும். அந்தக் காய்ந்த அடுக்கு சும்மா இருக்காது. மேலேயிருக்கும் ஈரத்தை அது கீழே இழுத்துக்கொள்ளும். மேலிருந்து வெயிலும் இழுக்கும். நடுவில் நம் விதை! அடுத்தடுத்த மழையில் மேல் ஈரமும் கீழ் ஈரமும் ஒன்றையொன்று தொட்டால்தான், வேர் இறங்க வழி திறக்கும். என் மீட்டரின் கம்பி நீளம் இரண்டு அங்குலம் சொச்சம். அப்பாவின் கடப்பாரை ஒரு முழம் இறங்கும்.

போதாக்குறைக்கு, விலை மலிவான மீட்டர்கள் கனமான களிமண்ணில் உண்மையான எண்ணைக் காட்டும் என்று நம்பவே கூடாது என்றார் பேராசிரியர். களி மின்சாரத்தோடு நடந்துகொள்ளும் விதமே வேறாம். அந்தந்த மண்ணுக்கு அளந்து பார்த்துச் சரிசெய்து கொள்ளவேண்டுமாம். பெட்டியில் வந்த சின்னக் காகிதத்தில் அதெல்லாம் இல்லை.

தண்ணீருக்குள் வாடிய பயிர்

நவம்பர் இரண்டாவது வாரம் ஈரம் சேர்ந்தது. அப்பா மறுபடி விதைத்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. அந்தச் செய்திகளின் ஈரம் காய்வதற்குள் டிசம்பர் 17 வந்தது. தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. என்று வந்த எண்ணை, தட்டச்சுப் பிழையோ என்று இரண்டு தடவை சரிபார்த்துத்தான் போட்டேன். தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. ராத்திரி முழுக்க லைவ் அப்டேட் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா நம்பர் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எழுதுகிற ஒவ்வொரு ஊர்ப் பெயரும் பஸ் ஜன்னலில் நான் பார்த்து வளர்ந்த ஊர். அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் லைன் கிடைத்தது. வீடு பத்திரம். ஆடு இரண்டு போய்விட்டது. காட்டில் தண்ணீர் நிற்கிறது.

கரிசலின் அடுத்த குணம் இது. காய்ந்திருக்கும்போது வெடிப்பு வழியாக மடமடவென்று குடிக்கும். ஊதி, வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட உள்ளே விடாது. அதற்கு மேல் விழுவதெல்லாம் ஓடவேண்டும், அல்லது நிற்கவேண்டும். எங்கள் நாலு ஏக்கரில் ஓடைப் பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கர் பள்ளம். அங்கே நின்றது.

அம்மா அனுப்பிய வீடியோவைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். தண்ணீருக்குள் நிற்கிற மக்காச்சோளத்தின் இலைகள், அக்டோபரில் காய்ச்சலில் வாடினவை போலவே தொங்கிக்கொண்டிருந்தன. வேரும் மூச்சு விடவேண்டும். மண்ணின் சந்துகளில் பாதி தண்ணீர், பாதி காற்று இருந்தால்தான் அது உயிரோடு வேலை செய்யும். எல்லாச் சந்துகளிலும் தண்ணீர் நிறைந்துவிட்டால், காற்று கிடைக்காத வேர் தண்ணீரை எடுக்கும் வேலையை நிறுத்திவிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கையில் மேலே இலை தாகத்தில் வாடும். மண்ணில் தண்ணீர் நிறைய இருந்தும் பயிருக்குக் கிடைக்காமல் போவதை ஒரே பருவத்தில் இரண்டு தடவை பார்த்தோம். ஒருமுறை மண் விடவில்லை. இன்னொரு முறை வேரால் எடுக்க முடியவில்லை.

பள்ளத்து ஒன்றரை ஏக்கர் அழுகிப்போனது. மேட்டுப் பக்கம் இருந்த இரண்டரை ஏக்கரில், சரிவுக்குக் குறுக்கே விதைத்து, ஓரத்தில் வடிகால் வாய்க்கால் இழுத்துவிட்டிருந்தார் அப்பா. அது பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் கரிசல் தன் பெட்டியைத் திறந்தது. பொங்கலுக்குப் பிறகு எங்கள் காட்டில் ஒரு சொட்டு மழை இல்லை. பனி மட்டும் பெய்தது. பகல் வெயிலில் மேல் மண் காய்ந்து, மெல்லிய வெடிப்பு விட ஆரம்பித்தது. ஆனால், மக்காச்சோளக் கதிர் பால் பிடித்து, மணி முற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் மழையை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது மண். அதே நாட்களில் அத்தை வீட்டில் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் செம்மண்ணில் வெள்ளத் தண்ணீர் இரண்டே நாளில் வடிந்து பயிர் தப்பித்தது. ஆனால், தை மாதத்தில் வாரத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் இலை சுருளும். "உங்க அப்பனுக்கென்ன, மண்ணே கெணறு" என்று போனில் அலுத்துக்கொண்டாள் அத்தை. "நீங்க வெள்ளத்துல தப்பிச்சீங்கள்ல அத்தை" என்றேன். இரண்டு மண்ணில் எது நல்ல மண் என்று என்னைக் கேட்டால், எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

இரண்டரை ஏக்கர் மகசூல் அந்த வருஷக் கடனை அடைத்தது. மிச்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

சென்னையில் என் அறைக்கு வெளியே பால்கனியில் நாலு தொட்டி வைத்திருக்கிறேன். தேங்காய் நார்க்கழிவும் உரமும் கலந்த மண். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் சுத்தமாகக் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் ஓரமாக வழிந்து, அடித் துளை வழியாக அப்படியே வெளியே ஓடிவிடும். வீட்டில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான். முற்றிலும் காய்ந்த துணியால் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துப் பாருங்கள், அங்குமிங்கும் இழுத்துவிடும். லேசாக நனைத்துப் பிழிந்த துணி சட்டென்று உறிஞ்சும். மண்ணும் அப்படித்தான். காய்ந்துகொண்டே வரும் மண்ணும், காய்ந்து முடித்து மறுபடி நனையும் மண்ணும் ஒரே மாதிரி தண்ணீரைப் பிடிப்பதில்லை. அதனால், தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, அடியிலிருந்து ஊறவிடுகிறேன். மேலே விரலை விட்டுப் பார்த்து ஊற்றுகிறேன். இரண்டாவது கணு வரை விரலை விடவேண்டும். மேல் மண் பொய் சொல்லும்.

கரிசலுக்கு 'தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்' என்று ஒரு பெயர் உண்டு. கோடையில் மேல் மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். மழையில் ஊதும்போது கீழிருக்கும் மண் மேலே தள்ளப்படும். வருஷக்கணக்கில் மேலது கீழாக, கீழது மேலாக மெல்லப் புரண்டுகொண்டே இருக்கும். இவ்வகை மண்ணுக்கு உலகம் முழுக்க வெர்ட்டிசால் என்று பெயர். புரட்டுவது என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதைப் படித்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டு, என் கொலுசு ஒருநாள் மேலே வந்தாலும் வரும் என்றேன். "வந்தா உன் மகளுக்குப் போடுதேன், மொத கல்யாணத்தப் பண்ணு" என்றாள். பேச்சை அவள் அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள் என்று தெரிந்தும் போன் போட்டது என் தப்பு.

அந்த மீட்டர் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே பயந்தேன். தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். போன பொங்கலுக்குப் போனபோது, மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய பால் கணக்கு நோட்டு. பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தேதியும் மீட்டர் காட்டிய எண்ணும். எதிரே அப்பாவின் கையெழுத்தில் குழி தோண்டிப் பார்த்த கணக்கு. '27 - மேல மட்டும்.' '31 - அரை முழம்.' '36 - சேந்துருச்சு.' இரண்டு வருஷத்துக் கணக்கு. பேராசிரியர் சொன்ன 'அந்தந்த மண்ணுக்கு அளந்து சரிசெய்வது' என்ற வேலையை, யாரும் சொல்லாமலே அப்பா செய்துவைத்திருந்தார்.

"அந்தச் சாமான் நல்ல சாமான்தான் பாப்பா. நம்ம மண்ணு பாஷை அதுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

இந்த வருஷம் புரட்டாசி கடைசியில் ஒரு மழை. ஆபீஸில் நான் 'தென் மாவட்டங்களில் பரவலாக மழை' என்று அடித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவிடமிருந்து வீடியோ கால். காட்டில் நிற்கிறார். நெட்வொர்க் அவர் முகத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. போனைக் குழிக்குள் நீட்டினார். எனக்கு ஒரே இருட்டுதான் தெரிந்தது.

"மீட்டர் எவ்வளவுப்பா?"

"முப்பத்தி மூணு."

"டிராக்டர் சொல்லியாச்சா?"

"அவன் வந்து நிக்கான். போயிட்டு வாரம் கழிச்சு வான்னுட்டேன். கீழ இன்னும் ஒரு சாண் பாக்கி கெடக்கு."